வருமான வரித் தாக்கல் காலத்து மோசடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்குத் தாக்கல் தொடங்கியதும் கைப்பேசிக்கு வந்து குவியும் செய்திகளில் எது வருமான வரித் துறை அனுப்பியது, எது திருடன் அனுப்பியது என்று பிரித்துப் பார்ப்பதற்கான பக்கம் இது. எழுத்துப்பிழையையும் கோணல் லோகோவையும் வைத்துப் போலியைப் பிடித்த காலம் போய்விட்டது. இப்போது போலி அசலைவிடச் சுத்தமாக வருகிறது. அதனால் கீழே உள்ள பதில்கள் பலவும் ஒரே இடத்துக்குத் திரும்பும்: செய்தி காட்டும் வழியில் போகாமல், துறையின் போர்ட்டலுக்கு நீங்களாகப் போய்ப் பார்ப்பது.

என் பெயரும் பான் எண்ணும் சரியாகப் போட்டு வந்திருக்கிறதே, அது எப்படிப் போலியாக இருக்கும்?

பான் எண் ரகசியமாக இருப்பதே இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், நகைக்கடை பில், கடன் விண்ணப்பம், ஜெராக்ஸ் கடை என்று அதன் நகல் பத்து இடத்தில் கிடக்கிறது. பெயர், பான், பிறந்த தேதி மூன்றும் சரியாக இருப்பதால் அனுப்பியவர் துறைக்காரர் என்று ஆகிவிடாது.

நேரம் பொருந்துவதும் அப்படித்தான். தணிக்கை தேவைப்படாத தனிநபர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025-இல் அது செப்டம்பர் 15-க்குத் தள்ளி, கடைசி நேரத்தில் இன்னும் ஒருநாள் கூடியது. அதையொட்டிய வாரங்களில் யாருக்கு ‘உங்கள் ரீஃபண்ட்’ என்று செய்தி போட்டாலும், பெறுபவர்களில் பலர் உண்மையிலேயே ரீஃபண்டுக்காக, அதாவது கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வருவதற்காகக் காத்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். அனுப்புகிறவனுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

‘ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, பெற இங்கே சொடுக்கவும்’ என்று வந்தால்?

போலி. ரீஃபண்ட் எப்படி வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்கள். 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி, நெட்பேங்கிங் போன்ற ஒரு வழியில் அதைச் சரிபார்க்கிறீர்கள். பெங்களூரில் உள்ள மையச் செயலாக்க மையம் கணக்கைப் பார்த்து, அதன் முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பை அனுப்புகிறது. பிறகு, போர்ட்டலில் நீங்கள் முன்பே சேர்த்து வேலிடேட் செய்த வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. தாமதமானால் அதற்குரிய மாதம் அரை சதவீத வட்டியும் தானாகவே சேரும். சரிபார்ப்பு முடிந்த பிறகு இந்தச் சங்கிலியில் எங்குமே ‘ரீஃபண்டைப் பெற விண்ணப்பிக்கவும்’ என்ற கண்ணி கிடையாது. கார்டு எண்ணோ சிவிவியோ யுபிஐ பின்னோ கேட்க வேண்டிய தேவையும் வராது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் வேண்டாம், அனுப்புவதற்குத்தான் வேண்டும்.

நிலையைப் பார்க்க போர்ட்டலில் உள்நுழைந்து, ‘இ-ஃபைல்’ பட்டியலில் ‘இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்’, அதற்குள் ‘வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்’. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தேதியோடு அங்கே இருக்கும்.

‘ரீஃபண்ட் தோல்வியடைந்தது, வங்கி விவரத்தைப் புதுப்பிக்கவும்’ என்பதும் போலிதானா?

இதில் கவனம் தேவை. ரீஃபண்ட் உண்மையாகவே தோல்வி அடைவதுண்டு. ஒரு வங்கி இன்னொன்றோடு இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கலாம், கணக்கு மூடப்பட்டிருக்கலாம், பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம், ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்திருக்கலாம். அப்போது துறையிலிருந்தே தகவல் வரும். உண்மையான செய்தியும் போலியும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைப் பேசும்.

எதுவாக இருந்தாலும் செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். போர்ட்டலுக்குப் போய் ‘மை ப்ரொஃபைல்’ பகுதியில் வங்கிக் கணக்கின் நிலையைப் பாருங்கள். தோல்வி உண்மையென்றால் கணக்கைச் சரிசெய்து மறுபடி வேலிடேட் செய்துவிட்டு, ‘சர்வீசஸ்’ பட்டியலில் உள்ள ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ மூலம் கேட்க வேண்டும். அங்கே எதுவும் இல்லையென்றால் வந்த செய்தி போலி.

எல்லாவற்றையும் போலி என்று ஒதுக்கிவிடுவதிலும் ஆபத்து உண்டு. 2025 டிசம்பரில், சந்தேகத்துக்குரிய நன்கொடையைக் காட்டி வரிக் கழிவு கோரியவர்களுக்குத் துறையே எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பி, ரிட்டர்னைத் திருத்தச் சொன்னது. அதை மோசடி என்று அழித்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இணைய முகவரியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் ‘டாட் ஜிஓவி டாட் இன்’, அதற்கு முன்னால் ‘இன்கம்டாக்ஸ்’ என்று இருந்தால் அசல். அரசு அமைப்புகளுக்கு மட்டுமே இந்த முடிவெழுத்துகள் கிடைக்கும். ‘இன்கம்டாக்ஸ்-ஜிஓவி-இன் டாட் காம்’ என்று புள்ளிக்குப் பதில் சிறுகோடு போட்டு வருவது பழைய வித்தை. ‘டாட் ஜிஓவி டாட் இன்’ முகவரியின் நடுவில் வந்து, கடைசியில் வேறொரு பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அதைவிடத் தந்திரமானது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எதிர்முனையில் இருப்பவர் யார் என்று சொல்லாது.

எஸ்எம்எஸ்ஸில் இன்னொரு அடையாளம் உண்டு. 2025 மே மாதத்திலிருந்து, நிறுவனங்கள் அனுப்பும் செய்திகளின் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து சேர்கிறது. ‘ஜி’ என்றால் அரசு, ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து ‘வருமான வரித் துறை’ என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பெயரை அல்ல, அதன் பின்னுள்ள முழு முகவரியைப் பாருங்கள். முகவரி சரியாகத் தெரிந்தாலும் லிங்க்கைத் திறக்காதீர்கள், ஏனென்றால் அதையும் போலியாகக் காட்ட வழிகள் இருக்கின்றன.

இணைப்பாக வரும் 143(1) கோப்பைத் திறக்கலாமா?

அசல் அறிவிப்பு பிடிஎஃப் கோப்பாக, கடவுச்சொல் போட்டு வரும். உங்கள் பான் சிறிய எழுத்துகளில், அதைத் தொடர்ந்து பிறந்த நாள், மாதம், ஆண்டு எட்டு இலக்கத்தில் சேர்த்து எழுதுவதுதான் கடவுச்சொல். கோப்பு ஜிப்பாகவோ ஹெச்டிஎம்எல்லாகவோ ஏபிகேயாகவோ (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) இருந்தால் தொடாதீர்கள். போர்ட்டலிலேயே அந்த அறிவிப்பைத் தரவிறக்கலாம் என்பதால் மின்னஞ்சலில் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நோட்டீஸ் வந்திருக்கிறது. உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?

2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. போர்ட்டலின் முகப்பில் ‘குவிக் லிங்க்ஸ்’ பகுதியில் நோட்டீஸ் அல்லது உத்தரவைச் சரிபார்க்கும் இணைப்பு இருக்கிறது. உள்நுழையத் தேவையில்லை. டின் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். அல்லது பான், ஆவண வகை, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு), தேதி ஆகியவற்றைக் கொடுங்கள். கைப்பேசிக்கு வரும் ஓடிபியை இட்டால் அந்த ஆவணம் துறை வெளியிட்டதுதானா என்று தெரியும்.

இதிலும் ஒரு பொறி. நோட்டீஸிலேயே ‘சரிபார்க்க’ என்று க்யூஆர் குறியீடு அச்சிட்டு அனுப்புகிறார்கள். ஸ்கேன் செய்தால் அவர்களே கட்டிய பக்கம் ‘சரியானது’ என்று பச்சை டிக் காட்டும். டின் எண்ணைக் கையால் தட்டச்சு செய்யுங்கள்.

உள்நுழைந்து ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலில் ‘இ-ப்ரொசீடிங்ஸ்’, வரிப்பாக்கி என்றால் ‘ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்’ இரண்டையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வந்து போர்ட்டலில் இல்லாத நோட்டீஸை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

அதிகாரி என்று சொல்லி போனில் மிரட்டுகிறார்கள். கைது செய்ய முடியுமா?

‘டிஜிட்டல் கைது’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவும் இல்லை. வீடியோ அழைப்பில் சீருடை தெரிந்தாலும், பின்னால் அசோகச் சின்னம் தெரிந்தாலும் அதே பதில்தான். வரிப்பாக்கி இருந்தால் துறை எழுத்துமூலம் டிமாண்ட் நோட்டீஸ் கொடுக்கும். கட்டுவதற்குப் பொதுவாக 30 நாள் அவகாசம். மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. அரை மணி நேரத்தில் கட்டாவிட்டால் வாரண்ட் என்பவர், போனை வைத்துவிட்டு நீங்கள் இன்னொருவரிடம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவசரப்படுத்துகிறார்.

துறையின் உதவி மையங்களிலிருந்து அழைப்பு வருவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாக்கி பற்றி நினைவூட்ட அழைப்பதுண்டு. எனவே வாக்குவாதம் வேண்டாம். ‘போர்ட்டலில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வைத்துவிடுங்கள். சந்தேகம் என்றால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா உதவி எண்ணை நீங்களே அழையுங்கள்.

அழைப்பின்போது நட்சத்திரக் குறியோடு 21 அல்லது 401 என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குத் திரும்பிவிடும். குரல்வழி ஓடிபியும் அங்கேதான் போகும். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் ##002# டயல் செய்து நீக்கலாம்.

வரியை யுபிஐ ஐடிக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

வரி எப்போதும் சலான் வழியாகவே. போர்ட்டலில் ‘இ-பே டாக்ஸ்’ சென்றால் சலானுக்கு ஒரு எண் உருவாகும். அதன் பிறகுதான் நெட்பேங்கிங், கார்டு, யுபிஐ, வங்கி கவுண்டர் எதில் கட்டுவது என்ற தேர்வு வரும். கட்டிய பின், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடும் ஐந்து இலக்க சலான் வரிசை எண்ணும் கிடைக்கும். அந்தத் தொகை சில நாளில் உங்கள் பானில் பதிவாகும். தனிநபரின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ உள்ள கணக்குக்கு வரி கட்டும் வழி கிடையாது. ஆடிட்டரிடம் ரொக்கமாக வரிப்பணத்தைக் கொடுத்துக் கட்டச் சொல்பவர்களும் இந்த இரு எண்களையும் வாங்கிப் பார்ப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் ‘ஐடி ரீஃபண்ட்’ என்று ஒரு ஆப் வந்தது. நிறுவினால் என்ன ஆகும்?

ஏபிகே கோப்பின் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் அக்சஸிபிலிட்டி அனுமதியையும் வாங்குவது. முதலாவது ஓடிபிகளை அப்படியே அடுத்தவருக்குத் திருப்பிவிடும். இரண்டாவது திரையைப் படிக்கும், உங்கள் பெயரில் பொத்தானை அழுத்தும், தன்னை நீக்கவிடாமல் தடுக்கவும் செய்யும். டிரினிக் என்ற தீநிரல் வருமான வரித் துறையின் வேடத்தில் இப்படித்தான் பரவியது. 27-க்கும் மேற்பட்ட வங்கிகளின் வாடிக்கையாளர்களை அது குறிவைப்பதாக 2021 செப்டம்பரில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் எந்த வரி ஆப்பும் வேண்டாம். திரையைப் பகிரச் சொல்லும் ஆப்களும் அப்படியே: எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் நேர்மையான மென்பொருள்கள்தான், ஆனால் முன்பின் தெரியாதவர் சொல்லி நிறுவக் கூடாது.

கூடுதல் ரீஃபண்ட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். அலுவலகத்தில் பலருக்கு வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் உள்ள மோசடிகளிலேயே அதிகம் பேர் விரும்பிப் போய் விழுவது இதுதான். பணம் உண்மையிலேயே வருகிறது, அதனால் மோசடி என்றே தோன்றுவதில்லை.

ஏஜெண்ட், சம்பளத்தில் பிடித்த வரிக்கு அலுவலகம் தரும் உங்கள் படிவம் 16-ஐயும் போர்ட்டல் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்கிறார். ரிட்டர்னில் நீங்கள் கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, கட்டாத வாடகைக்கு வீட்டு வாடகைப்படி, இல்லாத கல்விக் கடன் வட்டி, இல்லாத மருத்துவச் செலவு என்று கழிவுகளை ஏற்றுகிறார். ரிட்டர்னுடன் ஆதாரம் எதையும் இணைக்க வேண்டியதில்லை என்பதால் கணினி முதலில் ஏற்றுக்கொள்கிறது. ரீஃபண்ட் வந்ததும் அவர் பங்கை எடுத்துக்கொள்கிறார். போர்ட்டலில் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் அவர் உருவாக்கிய தற்காலிக முகவரியைப் பதிந்திருப்பார். பிறகு துறை அனுப்பும் கேள்விகள் யாரும் திறக்காத அந்த அஞ்சல் பெட்டியில் போய்க் கிடக்கும்.

2025 ஜூலை 14 அன்று நாடு முழுவதும் 150 இடங்களில் இத்தகைய இடைத்தரகர்கள் மீது துறை சரிபார்ப்பு நடவடிக்கை எடுத்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாக அப்போது அறிவிக்கப்பட்டது.

பிடிபட்டால் கணக்கு இப்படி இருக்கும். பழைய வரிமுறையில் 30 சதவீத அடுக்கில் இருப்பவர் 1,50,000 ரூபாய்க்குப் பொய்க் கழிவு காட்டினால், வரிமேல் வரியான செஸ்ஸோடு அவருக்கு மிச்சமாவது 46,800. அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியும் உண்டு. தவறான தகவல் தந்ததற்கான அபராதம் அந்த வரியில் 200 சதவீதம், அதாவது இன்னொரு 93,600. ஏஜெண்ட் வாங்கிய பங்கு திரும்பாது. ‘அவர்தான் நிரப்பினார்’ என்பதும் செல்லாது. ரிட்டர்னைச் சரிபார்த்த ஓடிபி உங்களுடையது.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் முதலில் கடவுச்சொல்லையும் பதிவு மின்னஞ்சலையும் மாற்றுங்கள். திருத்திய ரிட்டர்னுக்கான கெடு இருந்தால் அதுவே மலிவு. கெடு போய்விட்டால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதம் வரை புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். ஆனால் வரி, வட்டி இரண்டின் மேலும் முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று கூடுதல் வரி ஏறிக்கொண்டே போகும். துறையிடமிருந்து நோட்டீஸ் வந்த பிறகு இந்த வழி குறுகிவிடும்.

ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுபவரை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிடலாம்.

ஆடிட்டர் தாக்கல் செய்துவிட்டதாகச் சொல்லி ஒப்புகைச் சீட்டு அனுப்பினார். போதுமா?

போதாது. பிடிஎஃப்பைத் திருத்துவது கடினமல்ல. சீட்டில் உள்ள 15 இலக்க ஒப்புகை எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால், உள்நுழையாமலே ரிட்டர்ன் நிலையைப் போர்ட்டலில் பார்க்கலாம். உள்நுழைந்து முழு ரிட்டர்னையும் தரவிறக்கி, கழிவுகள் பகுதியையும் ரீஃபண்டுக்கான வங்கிக் கணக்கையும் ஒருமுறை படியுங்கள். பத்து நிமிட வேலை.

‘பான் 2.0’ கார்டு வாங்காவிட்டால் பழைய பான் செல்லாதாமே?

செல்லும். பான் 2.0 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. இருக்கும் பான் கார்டுகள் செல்லும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று அப்போதே அரசு தெளிவுபடுத்திவிட்டது. ஆதார் இணைப்புதான் வேறு விஷயம்: இணைக்காத பான் செயலிழக்கும் என்பது உண்மை. அதன் நிலையைப் போர்ட்டலில் ‘லிங்க் ஆதார் ஸ்டேட்டஸ்’ மூலம் இலவசமாகப் பார்க்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தைக் காட்டி ‘விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என்று வரும் லிங்க்குகளுக்கும் இதே மரியாதைதான்.

லாபத்தை எடுக்க முன்கூட்டியே 30 சதவீத வரி கட்டச் சொல்கிறது ஒரு டிரேடிங் ஆப்.

உள்ளே போட்ட பணம் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது கேட்பது இரண்டாவது தவணை. டிடிஎஸ் என்பது கொடுக்கும் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வது. பெறுபவரிடம் தனியாக வாங்குவதல்ல. கார் போன்ற பொருளாகப் பரிசு தரும்போது, வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகே பொருளைத் தர வேண்டும் என்று ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அந்த வரியும் அரசின் சலானில்தான் போகும்.

என் ஏஐஎஸ்ஸில் (போர்ட்டலில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை) எனக்குத் தெரியாத வருமானம் இருக்கிறது.

உங்கள் பானை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம். நீங்கள் வீட்டு உரிமையாளர் என்று காட்டி வாடகைப்படி கோரியிருக்கலாம், உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்கலாம். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். ஏஐஎஸ்ஸில் அந்தப் பதிவைத் தேர்ந்தெடுத்து, ‘இது வேறு பானுக்குரியது’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்ற பின்னூட்டத்தைப் பதிவிடுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் வழியே தேடினால் உங்கள் பெயரில் உள்ள பதிவுகள் தெரியும். கடன் அறிக்கையையும் பாருங்கள், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். உங்களுடையதல்லாத கடனோ நிறுவனமோ இருந்தால் காவல்துறையில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டேன். முதலில் என்ன செய்வது?

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்குவதுதான் இந்த எண்ணின் வேலை, அதனால் நிமிடங்கள் முக்கியம். தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அடுத்து உங்கள் வங்கி. பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் எழுத்துப் புகார். நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது, அதற்குப் பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆப் நிறுவியிருந்தால் உடனே ஏரோப்ளேன் மோட். வங்கியை வேறு கைப்பேசியிலிருந்து அழைத்துக் கணக்கை முடக்குங்கள், கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கைப்பேசியிலேயே மாற்றினால் புதியதும் திருடனுக்குப் போகும். ஆப் நீங்க மறுத்தால் அக்சஸிபிலிட்டி அனுமதியையும் டிவைஸ் அட்மின் அனுமதியையும் முதலில் எடுத்துவிட்டு நீக்க வேண்டும். அதன் பிறகும் ஃபேக்டரி ரீசெட் செய்வதே பாதுகாப்பு.

போர்ட்டல் கடவுச்சொல் மட்டும் போயிருந்தால் அதை மாற்றி, பதிவு எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்குகள், தாக்கலான ரிட்டர்ன்கள் நான்கையும் பாருங்கள். ப்ரொஃபைலில் உள்ள ‘இ-ஃபைலிங் வால்ட்’ வசதியை இயக்கினால், ஆதார் ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. ஏமாறாதவர்களும் இதைச் செய்து வைக்கலாம்.

ஏமாறவில்லை, செய்தி மட்டும் வந்தது. எங்கே சொல்வது?

மின்னஞ்சல் என்றால் ‘வெப்மேனேஜர் அட் இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்’ முகவரிக்கு அனுப்புங்கள். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், அழைப்பு என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்‌ஷு’ பகுதி. மின்னஞ்சலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் பயன் குறைவு. எந்த சர்வரிலிருந்து வந்தது என்ற தடம் முழு ஹெடரில்தான் இருக்கும், ஆகவே அதையும் சேர்த்து அனுப்புங்கள்.